"பேரே போடலையே அக்கா": எபென்ல ஒரு லிங்க்ட்இன் போஸ்ட் பத்தின நிகழ்வு ஆய்வு

மொரீஷியஸ்ல எபென்னு ஒரு ஐடி வட்டாரம், அங்க வேலை பாக்கற ஒரு தமிழ்த் தம்பி, மனைவிக்கு கரு கலைஞ்ச துக்கத்த லிங்க்ட்இன்ல (வேலை விஷயத்துக்கான சோஷியல் மீடியா சைட்) எழுதினதுல என்னென்ன ஆச்சுங்கறது தான் இது. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இதுல மூணு பேர் வர்றாங்க, ஒரு தம்பி, அவன் மனைவி, ஆபீஸ்ல அவனோட மேனேஜர். மூணு பேர்கிட்டயும் தனித்தனியா உக்காந்து, எழுதினத முழுசா படிச்சுக் காட்டிட்டு தான் இத வெளிய விடறேன். மேனேஜர் இந்த ஊர் தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு, பாட்டி காலத்தோட வீட்டுல தமிழ் போச்சு, அதனால அவங்களுக்கு ஒவ்வொரு பாராவா இங்கிலீஷ்லயும் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை க்ரியோல்லயும் (இங்க எல்லாரும் பேசற மொழி) சொன்னேன். தம்பி மனைவி ரெண்டு பாராவ எடுக்கச் சொன்னா, மேனேஜர் ஒரு வரிய எடுக்கச் சொன்னாங்க, எடுத்தாச்சு. ஆள் அடையாளம் தெரியற மாதிரி இருந்த சில விவரங்கள மாத்தியிருக்கேன், நடந்தது எதையும் மாத்தலை.

நான் மொரீஷியஸ் வந்து பதிமூணு வருஷமாச்சு. எபென் சைபர் சிட்டில கம்பெனிகளுக்கு ட்ரெய்னிங் குடுக்கற வேலை. நம்ம பக்கத்துல இருந்து டெஸ்டிங், அக்கவுண்ட்ஸ், ஃபண்ட் அட்மின்னு வந்து சேர்ற பசங்க பொண்ணுங்க நிறைய பேர் எப்படியோ நம்பர் வாங்கி "அக்கா"ன்னு கூப்பிட்டு வந்துடுவாங்க, வீடு பாக்கறதுல இருந்து பர்மிட் பேப்பர் வரைக்கும் கேப்பாங்க. இந்தத் தம்பியும் அப்படி வந்தவன் தான். முப்பத்தோரு வயசு, மதுரைப் பக்கம், கல்யாணமாகி ரெண்டு வருஷம், எபென்ல ஒரு கம்பெனில டெஸ்டிங் டீம். காத்ர் போர்ன்ல ரெண்டு ரூம் வீடு, புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர்.

என்ன நடந்துச்சு

2023 நடுவுல அந்தப் பொண்ணு உண்டானா. மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்க, நம்ம வீடுகள்ல வழக்கமா பண்றது தானே. அவ அம்மாவுக்கு பிபி இருக்கு, தூரத்துல இருந்து கவலைப்படுவாங்க, மூணாவது மாச ஸ்கேன் முடிஞ்சதும் வீடியோ கால்ல சொல்லிக்கலாம்னு வச்சிருந்தாங்க. பத்தாவது வாரத்துல ஒரு நாள் விடியக்காலைல வயித்து வலி, ரத்தம், டாக்ஸி புடிச்சு கிளினிக் போனாங்க, எட்டு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

தம்பி கிளினிக் வராந்தால நின்னு ஏழரைக்கே மேனேஜருக்கு ஃபோன் பண்ணியிருக்கான். "வைஃப கிளினிக்ல சேத்திருக்கேன், இன்னிக்கு வர முடியாது." அவ்வளவு தான் சொன்னான், என்ன ஏதுன்னு சொல்லலை, சொல்ற நிலைமைல அவன் இல்ல. அவங்க கேட்டது, "உன் லோக்கல் எத்தனை நாள் மிச்சம் இருக்கு?" இங்க வருஷ லீவ லோக்கல் லீவுன்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க, சட்டப்படி வருஷத்துக்கு 20 நாளு கூட ரெண்டு நாளு. அவங்க அத சிஸ்டத்துல போடணும், அதுக்காக கேட்டாங்க. அந்தக் கேள்வி தம்பி காதுல எப்படி விழுந்திருக்கும்னு யோசிச்சா எனக்கே வயிறு கலங்குது, ஆனா கேட்டவங்களுக்கு அந்த நிமிஷம் வயித்து வலி கேஸ்ன்னு கூட தெரியாது.

சாயங்காலம் ரெண்டாவது ஃபோன். இந்தத் தடவை சொல்லிட்டான். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம், அப்புறம் "திங்கக்கிழமை வரைக்கும் வராத, லீவு பத்தி நான் பாத்துக்கறேன்"னு சொல்லி வச்சிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி அவன் முடிக்க வேண்டிய ரிலீஸ் டெஸ்டிங்க அவங்களே உக்காந்து முடிச்சிருக்காங்க, இது தம்பிக்குத் தெரியவே தெரியாது, ரெண்டு மாசம் கழிச்சு தான் தெரிஞ்சுது.

ஹெச்ஆர் ஒத்துக்கலை. இங்க அப்பாக்களுக்குன்னு சட்டத்துல லீவு இருக்கு, அப்போ அஞ்சு வேலை நாள், ஆனா அதுக்கு குழந்தை பிறந்ததுன்னு மெடிக்கல் சர்டிஃபிகேட் வேணும். பிறக்காம போனதுக்கு அப்பாவுக்கு அந்தச் சட்டத்துல எடம் இல்ல. கடைசில அந்த மூணு நாளும் அவன் லோக்கல்ல தான் கழிஞ்சுது, மெயில் வந்துச்சு, மெயில்ல கையெழுத்து மேனேஜரோடது, ஏன்னா சிஸ்டம் அப்படி அனுப்பும்.

பத்தொம்பது நாள் கழிச்சு, ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 11:40க்கு, மனைவி தூங்கினதுக்கு அப்புறம், தம்பி லிங்க்ட்இன்ல எழுதினான். இங்கிலீஷ்ல தான் எழுதினான். மொத ரெண்டு வரி தமிழ்ல சொன்னா இப்படி வரும்: "என் குழந்தைய நாங்க இழந்த அன்னிக்கு காலைல என் பாஸ் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. உன் லோக்கல் எத்தனை நாள் மிச்சம் இருக்கு?"

மிச்சத்த எல்லாம் கீழ எழுதியிருந்தான். ஆம்பளைங்க ஏன் இத பேசறதில்ல, கிளினிக்ல அவனுக்கு உக்கார ஒரு நாற்காலி கூட இல்ல, மனைவி முகத்த எப்படி பாக்கறதுன்னு தெரியலை, எல்லாம் நல்லா மனசார எழுதின எழுத்து, படிச்சா கண்ணு கலங்கும், எனக்கு கலங்குச்சு. "அப்புறம் எனக்கு ஓய்வெடுக்க சொன்னாங்க"ன்னு மேனேஜரோட ரெண்டாவது ஃபோன் எட்டாவது பாரால ஒரே வரில இருந்துச்சு. யாரு பேரும் போடலை, கம்பெனி பேரும் போடலை.

புதன்கிழமை

இந்தியா நமக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி. இங்க விடியறதுக்குள்ள அங்க எல்லாரும் எழுந்து ஃபோன கையில எடுத்துடுவாங்க. அந்தப் பொண்ணோட அத்தை பையன் சென்னைல ஓஎம்ஆர் பக்கம் ஐடில இருக்கான், அவனுக்கும் தம்பிக்கும் லிங்க்ட்இன்ல நேரடி தொடர்பு கூட கிடையாது, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு காலேஜ் சீனியர். அந்த சீனியர் போஸ்ட்டுக்கு ஒரு ஹார்ட் போட்டிருக்கார், அதனால அது இவன் ஃபீட்ல வந்துடுச்சு. இவன் அவன் அம்மாகிட்ட சொல்ல, அவங்க அந்தப் பொண்ணோட சித்திகிட்ட சொல்ல, 5:50க்கு சித்தி ஃபோன். "ஏண்டி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, உங்கம்மா இங்க அழுதுட்டு உக்காந்திருக்கா."

அந்த அம்மாவுக்கு மகள் உண்டானதும் கலைஞ்சதும் ஒரே வாக்கியத்துல தெரிஞ்சுது. அதுவும் மூணாவது மனுஷங்க வாய்ல இருந்து. இந்தக் கேஸ் முழுக்க எனக்கு மனசுல ஆறாத இடம் இது தான்.

அந்தப் பொண்ணுக்கு போஸ்ட் பத்தியே தெரியாது. ஃபோன வச்சிட்டு ஹால்ல இருந்த அவன் மொபைல எடுத்து படிச்சிருக்கா. அவன எழுப்பி அவ கேட்டது, "உங்க அழுகைய நீங்க எழுதிக்கோங்க, என் வயித்த எதுக்குங்க எழுதினீங்க?"

எட்டரைக்கு ஆபீஸ். அதுக்குள்ள நானூறுக்கு மேல ரியாக்‌ஷன், கமெண்ட் போயிட்டே இருக்கு. பாதிக்கு மேல ஆறுதல். மிச்சம் "அந்த பாஸ் மனுஷியா", "பேர சொல்லு ப்ரோ", இப்படி. பேர யாரும் சொல்ல வேண்டிய தேவையே வரலை. தம்பி ப்ரொஃபைல்ல கம்பெனி பேர் இருக்கு. கம்பெனி பக்கத்துக்கு போனா அங்க வேலை பாக்கறவங்க லிஸ்ட் இருக்கு, அதுல மொரீஷியஸ்ன்னு வடிகட்டி டெஸ்டிங் மேனேஜர்ன்னு தேடினா வர்றது ஒரே ஆள், ஃபோட்டோவோட. ரெண்டு நிமிஷ வேலை. மத்தியானத்துக்குள்ள மேனேஜர் இன்பாக்ஸ்ல முன்ன பின்ன தெரியாதவங்க பதினஞ்சு இருபது பேர், பெரும்பாலும் இந்தியால இருந்து. ஒருத்தர் எழுதினத அவங்க எனக்கு காட்டினாங்க, "உனக்கும் இப்படி நடக்கணும்"னு. மேனேஜருக்கு வாழ்க்கைல என்ன நடந்திருக்குன்னு எழுதினவருக்கு என்ன தெரியும். (இதுக்கு அடுத்து இருந்த வரிய தான் அவங்க எடுக்கச் சொன்னாங்க.)

இந்த ஊர் எப்படிப்பட்டதுன்னு இந்தியால நம்ம ஊர்ல இருக்கறவங்களுக்கு தெரியாது, அத சொல்லாம இந்தக் கேஸ் புரியாது. மொத்த நாட்டு ஜனத்தொகை கிட்டத்தட்ட பன்னெண்டரை லட்சம், மதுரையயும் சுத்துப்பட்டயும் சேத்தா அத விட கம்மி. எபென்ல வேலை பாக்கறவங்க ரோஸ் ஹில், காத்ர் போர்ன், க்யூர்பிப்னு மெட்ரோ லைன் ஓரமாவே இருக்காங்க, ஒரே தால் பூரி வண்டில வரிசைல நிப்பாங்க, ஒரே கோயில்ல காவடி எடுப்பாங்க, ஒருத்தரோட மச்சான் இன்னொருத்தர் பேங்க்ல இருப்பாரு. இங்க "லாதிலாஃபே"ன்னு ஒரு வார்த்தை உண்டு, சொல்லிச்சொல்லி பரவற ஊர்ப்பேச்சு. சென்னைலயோ பெங்களூர்லயோ "என் பாஸ்"னு எழுதினா ஆயிரம் பாஸ்ல ஒருத்தர். இங்க "லோக்கல்"ங்கற அந்த ஒரு சொல்லு நாட்ட சொல்லிடுது, ப்ரொஃபைல் கம்பெனிய சொல்லிடுது, மிச்சத்த லாதிலாஃபே சொல்லிடுது. வெள்ளிக்கிழமை ரோஸ் ஹில் மார்க்கெட்ல காய்கறிக்காரம்மா மேனேஜரோட அம்மாகிட்ட கேட்டிருக்காங்க, "உம் பொண்ணு என்னமோ ஒரு இந்தியாக்காரனுக்கு லீவு குடுக்கலையாமே, குழந்தை செத்தப்ப கூட?"

தம்பி என்கிட்ட திரும்பத் திரும்ப சொன்னது ஒரே வாக்கியம். "பேரே போடலையே அக்கா."

போஸ்ட்ட புதன் காலைல பத்தேகாலுக்கு எடுத்துட்டான். ஒரிஜினல் போனா அத அப்படியே ரீபோஸ்ட் பண்ணினதும் போயிடும், ஆனா ஸ்க்ரீன்ஷாட் போகாது. "ஊக்கம் தரும் கதைகள்" டைப்ல நடத்தற ஏதோ ஒரு பக்கம் அவன் எழுத்த அப்படியே காப்பி அடிச்சு, மொத பாராவ மட்டும் வச்சு, கீழ டாக்சிக் பாஸ் பத்தி அவங்க சொந்தச் சரக்க சேத்து போட்டிருந்தாங்க. எட்டாவது பாரா அதுல இல்ல. அத ரிப்போர்ட் பண்ணி எடுக்க வைக்கறதுக்குள்ள நாலஞ்சு நாள் ஓடிடுச்சு.

வியாழக்கிழமை ஹெச்ஆர் கூப்பிட்டாங்க. அவன் அக்ரிமெண்ட்ல சோஷியல் மீடியா பத்தி ஒரு பத்தி இருக்கு, கம்பெனி பேருக்கு கெடுதல் வர்ற மாதிரி எழுதக்கூடாதுன்னு, சேர்ற அன்னிக்கு கையெழுத்து போடற இருபத்தஞ்சு பக்கத்துல அத எவன் படிக்கறான். நம்ம பசங்க இங்க இருக்கறது ஆக்குபேஷன் பர்மிட்ல, அது அந்த வேலையோட கட்டினது, வேலை போனா பர்மிட் கேள்விக்குறி, மனைவியோட டிபெண்டன்ட் பர்மிட்டும் கூடவே. அன்னிக்கு ராத்திரி அவன் என் வீட்டு சோபால உக்காந்திருந்தப்போ அவன் கை நடுங்கினது பர்மிட்டுக்காகவா, மனைவி பேசாம இருக்கறதுக்காகவா, எனக்கு இன்னும் தெரியாது.

மேனேஜரோட அண்ணன் போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுன்னு சொல்லியிருக்கார். இங்க 2001 ஐசிடி சட்டம் (தகவல் தொடர்பு தொழில்நுட்பத்துக்கான சட்டம்) இருக்கு, 2018ல திருத்தி இன்னும் கடுமையாக்கினாங்க, ஆன்லைன்ல போடற மெசேஜ் ஒருத்தர அவமானப்படுத்தினா, மன உளைச்சல் குடுத்தா குற்றம்னு எழுதியிருக்கு, பேர் போட்டா தான்னு இல்ல. அவங்க குடுக்கலை. ஏன்னு கேட்டேன், "அவன் குழந்தைய இழந்தவன்"னாங்க. ஹெச்ஆர்ல அவனுக்காக பேசினதும் அவங்க தான். கடைசில ஒரு எச்சரிக்கை லெட்டரோட முடிஞ்சுது, மூணு மாசம் கழிச்சு அவன வேற டீமுக்கு மாத்தினாங்க.

அந்தப் போஸ்ட் செஞ்ச நல்லது

இத நான் மறைக்க மாட்டேன், மறைச்சா ஆய்வு ஒருதலைப்பட்சமாயிடும். எடுக்கறதுக்கு முன்னாடி இருந்த பத்தரை மணி நேரத்துல ஏழு ஆம்பளைங்க அவனுக்கு தனியா எழுதியிருந்தாங்க, எங்களுக்கும் இப்படி ஆச்சு, யார்கிட்டயும் சொன்னதில்லன்னு. அதுல ஒருத்தர் அவன் கம்பெனி ஃபைனான்ஸ்லயே இருக்கற இந்த ஊர்க்காரர், அம்பது வயசுக்கு மேல. தொண்ணூறுகள்ல அவங்களுக்கு ரெண்டு தடவை போயிருக்கு, மனைவிகிட்ட கூட அத பத்தி பேசினதில்லயாம். இப்பவும் தம்பியும் அவரும் வாரத்துல ஒரு நாள் டீ குடிக்கறாங்க. அந்த எழுத்து இல்லன்னா இவங்க ரெண்டு பேரும் லிஃப்ட்ல குட்மார்னிங் சொல்லிட்டு போயிட்டே இருந்திருப்பாங்க.

அதனால சொந்தக் கதைய தொழில் சைட்ல போடறதே தப்புன்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன். 2003ல லிங்க்ட்இன் வந்தப்போ அது ரெஸ்யூமே மாட்டி வைக்கற சுவர். கொரோனா வந்து வேலையும் வீடும் ஒரே ரூமுக்குள்ள அடைபட்டதுக்கு அப்புறம், 2021ல போஸ்ட் நீளத்தயும் 1300 எழுத்துல இருந்து 3000 ஆக்கினதுக்கு அப்புறம், அங்க ஜனங்க அழவும் ஆரம்பிச்சாங்க. வேலை போனது, டிப்ரஷன், அப்பா சாவு, கேன்சர். வேலை பாக்கற மனுஷனுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்குன்னு ஆபீசுக்கு தெரியறது நல்லது தான்.

நான் எங்க தப்ப பாக்கறேன்

என்கிட்ட இருந்தே ஆரம்பிக்கறேன். அதுக்கு முந்தின வருஷம் எபென்ல நான் ஒரு ட்ரெய்னிங் எடுத்தேன், லிங்க்ட்இன் ப்ரொஃபைல எப்படி வளக்கறதுன்னு. அதுல நான் சொன்னது என் ஸ்லைட்லயே இருக்கு: சொந்த அனுபவத்த எழுதுங்க, மொத ரெண்டு வரில ஆள நிறுத்துங்க, மனச தொடற வரிய மேல தூக்குங்க. தம்பி அந்த ரூம்ல மூணாவது வரிசைல உக்காந்திருந்தான். அவன் செஞ்சது நான் சொல்லிக் குடுத்தது தான்.

அந்த சைட்ல போஸ்ட்டோட ஆரம்பம் மட்டும் தான் ஃபீட்ல தெரியும், மிச்சத்த படிக்க "சீ மோர்" அமுக்கணும். நிறைய பேர் அமுக்கறதில்ல, ஒரு ரியாக்‌ஷன தட்டிட்டு நகந்துடறாங்க. அப்போ எழுதறவன் என்ன பண்றான், இருக்கறதுலயே குத்தற வரிய எடுத்து உச்சில வைக்கறான், அந்த வரிக்கு முன்னாடி பின்னாடி நடந்தது கீழ போயிடுது. தம்பி ஒரு பொய் கூட எழுதலை. ஆனா ஏழரை மணி ஃபோன் மேலயும் சாயங்கால ஃபோன் எட்டாவது பாராலயும் போனதுல மேனேஜர் வேற ஒரு மனுஷியா ஆயிட்டாங்க. அவங்களே சொன்னாங்க, "நான் கேட்டேன், உண்மை தான், ஆனா அன்னிக்கு நான் பேசினது அது மட்டும் இல்லையே"ன்னு. வரிசைய மாத்தினாலே ஒரு ஆளோட குணம் மாறிடும், இத ட்ரெய்னிங் எடுக்கற நாங்க யாரும் சொல்றதில்ல.

அடுத்தது அவன் எழுதின நேரம். துக்கத்த எழுதினா மனசு லேசாகும்னு சொல்றதுக்கு ஆராய்ச்சியே இருக்கு, ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு அமெரிக்க உளவியல்காரர், 1986ல காலேஜ் பசங்கள நாலு நாள், தினம் பதினஞ்சு நிமிஷம், தங்களுக்கு நடந்த மோசமான விஷயத்த எழுத வச்சார், அப்படி எழுதினவங்க அடுத்த மாசங்கள்ல காலேஜ் டாக்டர்கிட்ட போனது குறைஞ்சுதுன்னு பாத்தார். இத சோஷியல் மீடியாக்காரங்க நிறைய பேர் மேற்கோள் காட்டுவாங்க, நானும் காட்டியிருக்கேன். ஆனா அந்தப் பசங்க எழுதினது வேற யாருக்கும் இல்ல, பேர் இல்லாம, அடுத்தவன் லைக் போடாம. தம்பிக்கு அந்த ராத்திரி தேவைப்பட்டது அந்தப் பதினஞ்சு நிமிஷம் தான், அவன் கைல இருந்தது ஆயிரத்து நூறு கனெக்‌ஷன் இருக்கற ஒரு ஆப். இத நான் அவன்கிட்ட சொன்னப்போ ரொம்ப நேரம் தரைய பாத்துட்டு இருந்தான், அப்புறம் "எழுதி முடிச்சதும் பாரம் இறங்கிடுச்சு அக்கா, போஸ்ட் பட்டன அமுக்கறதுக்கு முன்னாடியே இறங்கிடுச்சு, அப்புறம் எதுக்கு அமுக்கினேன்னு தெரியலை"ன்னான்.

இன்னொரு ஆராய்ச்சியும் எனக்கு இதுல ஞாபகம் வருது, எலியட் ஆரன்சன் 1966ல பண்ணினது. க்விஸ்ல கெட்டிக்காரத்தனமா பதில் சொன்ன ஆள் காப்பிய மேல கொட்டிக்கிட்டா கேக்கறவங்களுக்கு அவர இன்னும் பிடிக்குது, சுமாரா பதில் சொன்ன ஆள் கொட்டிக்கிட்டா இன்னும் பிடிக்காம போகுது. லிங்க்ட்இன்ல பெரிய பதவில இருக்கறவங்க பழைய தோல்விய எழுதினா கை தட்றோம், ஏன்னா அவங்க மேல ஏறி நின்னு திரும்பிப் பாத்து எழுதறாங்க. ஒரு பர்மிட்டுல, ஒரு மேனேஜர் கீழ, பத்தொம்பதாவது நாள்ல நிக்கற பையன் எழுதினா பாக்கறவங்களுக்கு அது அப்படி படறதில்ல. அவன் கம்பெனில ரெண்டு சீனியர் என்கிட்டயே கேட்டாங்க, "பையன் ஸ்டெடி தானா?" மேல இருக்கறவங்களுக்கும் எல்லா நேரமும் கை தட்டல் கிடைக்காது, 2022 ஆகஸ்ட்ல ஆள வேலைய விட்டு எடுத்துட்டு அழுத செல்ஃபி போட்ட அமெரிக்க சிஇஓ ஒருத்தர உலகமே திட்டிச்சு, அங்கயும் கோளாறு அதே தான், வேலை போனது வேற ஒருத்தருக்கு, கண்ணீர் ஃபோட்டோ இவரோடது.

இதுக்கெல்லாம் அடில இருக்கற விஷயம் ஒண்ணு தான், இத சொல்லத் தான் இவ்வளவும் எழுதறேன். தம்பி அத "என் கதை"ன்னு நெனச்சான். உக்காந்து எண்ணினோம், அவனும் நானும், ஒரு பேப்பர்ல. அவன், அவன் மனைவி, மேனேஜர். அப்புறம் மாமியார், அவங்களுக்கு முதல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய சேதி. அவனோட அம்மா. மேனேஜரோட அம்மா, அவன் வாழ்க்கைல பாத்தே இராதவங்க. மேனேஜர் கையெழுத்தோட போன அந்த லீவு மெயிலுக்குப் பின்னாடி இருந்த ஹெச்ஆர்ல ஒருத்தர். ஏழு பேர். இதுல அவன் அனுமதி கேட்டது எத்தனை பேர்கிட்ட? மனைவிகிட்ட கூட இல்ல. அவ தூங்கினதுக்கு அப்புறம் எழுதினேன்னு அவனே சொல்றான், அவ முழிச்சிருந்தா எழுதியிருப்பியான்னு கேட்டேன், மாட்டேன்னான். அப்போ உள்ளுக்குள்ள அவனுக்கு தெரிஞ்சிருக்கு.

செட்டிங்ஸ் பத்தி கேக்கறவங்களுக்கு சுருக்கமா: போஸ்ட் போடும்போது யார் பாக்கலாம்னு மாத்தலாம், எல்லாருக்குமா கனெக்‌ஷனுக்கு மட்டுமான்னு, கமெண்ட்டயும் நிறுத்தலாம். கனெக்‌ஷனுக்கு மட்டும்னு வச்சிருந்தா அத்தை பையன் ஃபீடுக்கு அது போயிருக்காது. மேனேஜருக்கு எந்த வித்தியாசமும் இருந்திருக்காது, ஏன்னா ஆபீஸ்ல பாதிப் பேர் அவன் கனெக்‌ஷன் தான்.

இன்னொரு பங்கு நம்ம எல்லாருக்கும் இருக்கு. எபென்ல நம்ம தமிழ்ப் பசங்க ஒரு வாட்ஸ்அப் க்ரூப்ல நூத்துக்கு மேல இருக்காங்க. கிரிக்கெட், ஏர் டிக்கெட், அரிசி எந்த கடைல, எல்லாம் ஓடும். தம்பி ஒரு வாரம் க்ரூப்ல ஒண்ணுமே பேசலை, ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு வரலை. ஒருத்தர் கூட ஏன்னு கேக்கலை, நான் உட்பட. ஊர்ல இருந்திருந்தா வாசத்திண்ணைல யாராவது பக்கத்துல வந்து உக்காந்திருப்பாங்க. இங்க அவனுக்கு திண்ணைன்னு கிடைச்சது அந்த ஆப் தான்.

சரி பண்ண எடுத்த முயற்சி

மொதல்ல அவன் ஒரு மன்னிப்பு போஸ்ட் எழுதிட்டு வந்தான், ரெண்டு பக்கம். மேனேஜர்கிட்ட கேட்டுட்டு போடுன்னேன். அவங்க ஒரேயடியா வேண்டாம்னுட்டாங்க. "அது என்ன பத்தி நீ எழுதற ரெண்டாவது போஸ்ட், படிக்காதவங்களும் மொத போஸ்ட்ட தேடிப் போவாங்க." எவ்வளவு சரி பாருங்க. பொதுவுல பண்ணின தப்புக்கு பொதுவுல தான் மன்னிப்பு கேக்கணும்னு நான் நெனச்சிட்டு இருந்தேன், அத அந்த அம்மா மாத்திட்டாங்க. அதுக்கு பதிலா அவங்க ஒண்ணு கேட்டாங்க, அந்த இன்பாக்ஸ்ல திட்டினவங்க லிஸ்ட்ட அவன்கிட்ட குடுத்து, ஒவ்வொருத்தருக்கும் அவனே தனியா எழுதணும், சாயங்கால ஃபோன பத்தி சொல்லி. எழுதினான், பதினேழு பேருக்கு. ஆறு பேர் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டாங்க, மிச்சப் பேர் பதிலே போடலை. அந்த ரிலீஸ் டெஸ்டிங்க அவங்க முடிச்சு குடுத்தது அவனுக்கு தெரிஞ்சது அப்போ தான்.

மாமியாருக்கு அவனே ஃபோன் பண்ணினான். நான் பக்கத்துல இருந்தேன். "அத்தை, மொதல்ல உங்களுக்கு தான் சொல்லியிருக்கணும்"னு ஆரம்பிச்சான், அதுக்கு மேல அவனால பேச முடியலை, அந்த அம்மா தான் "சாப்ட்டீங்களா மாப்ள"ன்னு கேட்டாங்க.

வீட்டுல நிலைமை சரியாக நாளாச்சு. பதினோரு நாள் அந்தப் பொண்ணு சாப்பாடு, சாவி, கேஸ் சிலிண்டர் தவிர ஒண்ணும் பேசலை. பன்னெண்டாவது நாள் என்கிட்ட வந்தா. அவளுக்கும் எழுதணும் போல இருக்குன்னா. எங்க எழுதறதுன்னு கேட்டா. நோட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், என்ன எழுதினான்னு நான் கேக்கலை. டிசம்பர்ல அவ அம்மா வந்து ஒரு மாசம் இருந்தாங்க.

இப்போ நான் எடுக்கற ட்ரெய்னிங்ல அந்த பழைய ஸ்லைட் இல்ல. எழுதறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர எடுத்து, கதைல வர்றவங்க எல்லாரையும் எழுதச் சொல்றேன், அப்பா அம்மா உட்பட. ஒவ்வொரு பேருக்கு பக்கத்துலயும், இவங்க இத நாளைக்கு காலைல வேற ஒருத்தர் ஃபோன்ல பாத்தா என்னன்னு ஒரு வரி. எழுதி ஒரு வாரம் வச்சிட்டு, அப்புறம் அந்த லிஸ்ட்ல முதல் மூணு பேர்கிட்ட படிச்சு காட்டணும், அனுப்பி வைக்கக்கூடாது, வாய்விட்டு படிக்கணும், படிக்கும்போது எந்த வரில குரல் தயங்குதோ அத அடிச்சிடணும். போன தடவை ட்ரெய்னிங்ல பன்னெண்டு பேர் டிராஃப்ட் எழுதினாங்க, படிச்சு காட்டிட்டு வந்து போஸ்ட் பண்ணினது நாலு பேர். ஒருத்தி அவ அப்பாவோட குடிப்பழக்கம் பத்தி எழுதியிருந்தா, அப்பாகிட்டயே ஃபோன்ல படிச்சிருக்கா, அவர் கேட்டு முடிச்சிட்டு "போடும்மா, என் பேரயும் போட்டுக்கோ"ன்னிருக்கார். அந்த நாலுல அதுவும் ஒண்ணு, ரொம்ப நல்ல எழுத்து.

2024 ஜனவரி 25, தைப்பூசம். கோர் த கார்த் மலையடி கோயில்ல தம்பி பால்குடம் எடுத்தான், படியேறி வர்ற வழில மேனேஜர் குடும்பத்தோட நின்னுட்டு இருந்தாங்க, அவங்க கூடப்பொறந்தவரோட பையன் காவடி. ரெண்டு பேரும் தலையசைச்சாங்க, பேசலை. கீழ வாழையிலைல ஏழு கறி சாப்பாடு போட்டப்போ அவங்க அம்மா தான் தம்பி மனைவிக்கு பக்கத்துல இடம் விட்டு உக்காந்தாங்க. யாருன்னு தெரிஞ்சு தான் உக்காந்தாங்களான்னு எனக்கு தெரியாது, நான் கேக்கவும் இல்ல.

இத படிச்சு காட்டினப்போ மேனேஜர் கடைசியா சொன்னத அவங்க அனுமதியோட சேக்கறேன். போன மாசம் அவங்க ஒரு புது வேலைக்கு இன்டர்வியூ போயிருக்காங்க, வேற கம்பெனி. எல்லாம் முடிஞ்சு வெளிய வர்ற நேரத்துல எதிர்ல உக்காந்திருந்தவர் கேட்டாராம், "டீம்ல ஒருத்தருக்கு குடும்பத்துல துக்கம்னா நீங்க லீவு விஷயத்துல எப்படி நடந்துப்பீங்க?" எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வியா, அந்த ஸ்க்ரீன்ஷாட்ட பாத்துட்டு கேட்ட கேள்வியான்னு அவங்களுக்கு இன்னும் தெரியலை.